பேட்டரிக் கணக்கும் போடிமெட்டு இறக்கமும்

பாலக்காட்டுச் சித்தூரில் சோலார் கடை வைத்திருக்கும் கல்பனாவுக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம். போன மாதம் அவள் கடைக்கு ஒரு வேன் வந்தது. உள்ளே கட்டில், சமையல் மேடை, குட்டி ஃபிரிட்ஜ், ஃபேன் என்று வீடு மாதிரியே செய்திருந்தார்கள். மோட்டார் ஹோம் என்கிறார்கள். கோயமுத்தூர்க் குடும்பம் ஒன்று அதில் மலை மலையாகச் சுற்றப் போகிறதாம். கூரையில் எத்தனை பேனல், கீழே எவ்வளவு பெரிய பேட்டரி என்று அவள் ஃபோனிலேயே கணக்குப் போட்டுவிட்டாள். "எதுக்கும் நீங்களும் ஒரு பார்வை பாத்துப்போடுங்க பெரிப்பா" என்று வேலந்தாவளத்திலிருந்து என்னை வரவழைத்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் வேன்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"வண்டிய ஆருங்க ஓட்டுவாங்க?"

அவர் முழித்தார். கல்பனா சிரித்துவிட்டாள். "வெயிலு எந்நேரம் உளுகும்னு கேப்பீங்கன்னு பாத்தா, டிரைவர விசாரிக்கறீங்களே!" என்றாள். கிழவனுக்குப் புத்தி மழுங்கிப்போய்விட்டது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். ஓட்டுகிறவர் வண்டியை மர நிழலில் நிறுத்துவாரா, வெட்டவெளியில் நிறுத்துவாரா, இஞ்சினை எங்கே அணைப்பார், எதற்காக அணைப்பார் என்று தெரியாமல் கணக்குப் போட்டு நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும். கடையில் நின்று சொல்ல அவளுக்கும் பொழுதில்லை, எனக்கும் முட்டி வலி. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் தொழில் படித்தது கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பட்டறையில். பேட்டரித் தகடு மாற்றுவது, ஆசிட் கலப்பது, டைனமோவுக்குக் கம்பி சுற்றுவது. ஆசிட் தெறித்துத் தெறித்து என்னிடம் ஓட்டையில்லாத சட்டை ஒன்றுகூடக் கிடையாது. பெண் பார்க்கப் போன அன்றைக்கு அண்ணன் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். பிறகு பாலக்காட்டில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் வண்டிப் பிரிவில் எலெக்ட்ரீசியன் வேலை கிடைத்தது. எழுபதுகளின் நடுவில் அந்த ஆஸ்பத்திரி ஒரு பழைய டீசல் வேனை வாங்கி, ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கிற வண்டியாக மாற்றியது. இரண்டு படுக்கை, ஒரு மேஜை, மருந்து அலமாரி. சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆரம்பித்து, உடுமலை வழியாக மூணாறு ஏறி, கடைசியாகச் சாந்தன்பாறை ஏலத்தோட்டங்கள் வரைக்கும் போய்த் திரும்பும்.

வண்டிக்குப் பொறுப்பு விசாலம் டாக்டர். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். ஐம்பதை நெருங்கிய, ஒல்லியான அம்மாள். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் அமைதியாக இருக்க இருக்க எதிரில் நிற்கிறவன் செய்த தப்பையெல்லாம் தானாகவே ஒப்பித்துவிடுவான். முதல் நாள் பட்டறைக்கு வந்து, கிடந்த டயரின் மேல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்த வண்டியிலே நாங்க வாரக்கணக்கா குடித்தனம் பண்ணணும், பழனிச்சாமி. என்னென்ன எரியும், எத்தனை நாழி எரியும், நீங்க சொல்லுங்கோ."

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு சாமானின் வாட்டைப் பன்னிரண்டால் வகுத்தால் ஆம்பியர். அதை எரிகிற மணியால் பெருக்கினால் ஒரு நாளைக்கு அது குடிக்கிற அளவு. எல்லாவற்றையும் கூட்டி, அதை இரட்டிப்பாக்கி பேட்டரி வைக்க வேண்டும். ஏனென்றால் பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் தகடு பாழ். கல்பனா இன்றைக்குப் போடுகிற கணக்கும் இதேதான். அவளுக்கு நிரப்பித் தர சூரியன் இருக்கிறது. எங்களுக்கு இஞ்சினோடு பெல்ட்டில் சுழலுகிற டைனமோ இருந்தது. வண்டி ஓடினால் சார்ஜ் ஏறும்.

டாக்டரம்மாவுக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு சாமானுக்கும் "இது இல்லாட்டா என்ன ஆகும்?" என்று கேட்பார். ஃபேன் இல்லாவிட்டால் வேர்க்கும் என்றேன். "வேர்த்துட்டுப் போறது" என்று தள்ளிவிட்டார். அவர் படுக்கைக்கு மேலே ஒரு சின்ன விளக்கு வைக்கலாம் என்றேன். அதுவும் போயிற்று. ஒலிபெருக்கியை, ரொம்ப யோசித்து, வைத்துக்கொண்டார். கடைசியில் அவரே தச்சனிடம் சொல்லிச் செய்த ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். மேலே கண்ணாடி மூடி, உள்ளே சின்ன மெத்தை, மெத்தைக்குக் கீழே நாலு பல்பு. குறைமாதக் குழந்தைகளுக்குச் சூடு கொடுக்கிற பெட்டி.

"இது இல்லாட்டா என்னங்கம்மா ஆகும்?" என்று நானே கேட்டேன், அவர் பாணியில்.

"இது ராப்பகல் எரியும்னு கணக்கு வெச்சுக்கோங்கோ" என்றார்.

வைத்துக்கொண்டேன். பெரிய பேட்டரி இரண்டு. தினம் இத்தனை மணி வண்டி ஓடும், டைனமோ இவ்வளவு கொடுக்கும், தாராளமாகப் போதும். சித்தூர்ப் பக்கம் வண்டி சுற்றி வந்தபோது பேட்டரி நிறைகுடம்போல இருந்தது. மலைக்குப் போய் வந்தால் மட்டும் காலியாகத் திரும்பியது. டைனமோவை அவிழ்த்து மாட்டினேன், பெல்ட்டை மாற்றினேன், ஒயரையெல்லாம் தடவிப் பார்த்தேன். எங்கேயும் குறையில்லை. மூன்றாவது தடவையும் காலியாக வந்து நின்றபோது டாக்டரம்மா பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"உங்க கணக்கு மலை ஏற மாட்டேங்கறது, பழனிச்சாமி. அடுத்த தடவை நீங்களும் வாங்கோ."

மழைக்காலம். போனேன்.

டிரைவர் முத்தையா அண்ணன் சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தாட்டியான ஆள், பேச்சும் அப்படித்தான். முன் சீட்டில் அவரும் டாக்டரம்மாவும், பின்னால் நானும் மருந்துப் பெட்டிகளும். மூணாறு ஏறி, தேவிகுளம் தாண்டும் வரைக்கும் பேட்டரி மீட்டரில் முள் நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் பூப்பாறைக்கு இறங்குகிற நீண்ட இறக்கம். திடீரென்று எனக்குத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எங்கேயோ ஒரு குருவி கத்தியது. டீசல் வண்டிக்குள் உட்கார்ந்து குருவி சத்தம் கேட்கிறதென்றால் என்ன அர்த்தம்? முன்னால் எட்டிப் பார்த்தேன்.

"ஏனுங்ணா, வண்டி நின்னு போச்சுங்களா?"

"நிக்கலப்பா, எறங்குது."

இஞ்சினை நிறுத்தும் குமிழை வெளியே இழுத்து விட்டுவிட்டு, மனுஷர் நியூட்ரலில் வண்டியை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"இப்பிடித்தான் ஒவ்வொரு தடவையும் வர்றீங்களா? இஞ்சின் ஓடுனாத்தானுங்ணா சார்ஜு! மூணு தடவ டைனமோவக் கழட்டிப் பாத்துப்போட்டேன் நானு! பிரேக்கு போச்சுன்னா எல்லாரும் எங்க கெடப்போம்னு தெரியுமா?"

"கத்தாதப்பா தம்பி. லாரியும் ஜீப்புமா பதினஞ்சு வருசம் இந்த எறக்கத்துல ஓட்டுனவன்."

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "இஞ்சினை அணைச்சுட்டா போறது? இந்த எடம் வந்தாலே ஒரு நிம்மதி, சத்தமே இல்லையேன்னு நான் ஒவ்வொரு தடவையும் இங்கேதான் கண்ணை மூடிண்டு ஸ்லோகம் சொல்லிண்டிருப்பேன்" என்றார்.

பூப்பாறையில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திய பிறகுதான் முத்தையா அண்ணன் வாயைத் திறந்தார். மாதத்துக்கு இவ்வளவுதான் டீசல் என்று ஆஸ்பத்திரியில் அளந்து கொடுத்தார்கள். டீசலுக்கு நாடே தவித்த காலம். பயணத்தில் சாந்தன்பாறைதான் கடைசி. டீசல் தீர்ந்துபோகும்போலிருந்தால், அதற்கு முன்னாலேயே வண்டியைத் திருப்ப வேண்டியதுதான். இந்த வேனுக்கு முன்னால் ஆஸ்பத்திரி ஜீப் போய்வந்த பழைய டிரைவர் காலத்தில் அப்படிப் பல தடவை திருப்பியிருக்கிறார்கள்.

"எங்கூரு பொம்பளைக பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு மழையில நாளெல்லாம் ரோட்டோரம் நிக்கும். வண்டி வராது. நான் டிரைவரா வந்தப்புறமும் வரலன்னா, அந்தச் சனத்துக்கு முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? அதான் எறக்கத்துல மிச்சம் புடிக்கேன். வித்துத் தின்னல தம்பி, டேங்குலதான் கெடக்கு."

டாக்டரம்மா டீயைக் குடித்து முடித்துவிட்டு, "ஊருக்குப் போய் டீசலுக்கு நான் சண்டை போடறேன். இனிமே இஞ்சின் ஓடட்டும்" என்று மட்டும் சொன்னார். ஆனால் அன்றைய இறக்கம் முடிந்துபோயிருந்தது. மழைக்கு விளக்கும் வைப்பரும் போட்டபடியே உருண்டு வந்ததில் பேட்டரி அரைக்குக் கீழே கிடந்தது.

மறுநாள் சாந்தன்பாறையில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. உச்சிப்பொழுதில் நாலைந்து பெண்கள் ஒரு பெண்ணைக் கம்பளியில் தூக்கி வந்தார்கள். பேச்சியம்மாள் என்று பெயர். ஏலக்காட்டில் களை வெட்டும்போது வலி கண்டுவிட்டது. எட்டு மாதம்கூட நிறையவில்லை. புருஷன் மாரியப்பன் காலையில்தான் ஏலக்காய் மூட்டையோடு ஜீப்பில் போடிக்குப் போயிருந்தான். வண்டிக்குள்ளேயே குழந்தை பிறந்தது. பெண். என் உள்ளங்கையில் அடங்கிவிடும்போல இருந்தது. பூனைக்குட்டிபோல ஒரு தடவை முனகியது, அவ்வளவுதான்.

தாய்க்கு உதிரப்போக்கு. டாக்டரம்மா அதை ஒருவழியாகக் கட்டுப்படுத்தி, கையில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டார். பேச்சியம்மாள் கண்ணைத் திறந்து கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். என்ன குழந்தை என்றுகூடக் கேட்கவில்லை.

"ரெண்டு பேரையும் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். குழந்தைக்கு ஒரு நிமிஷம் சூடு கொறையப்படாது" என்றார் டாக்டரம்மா. புறப்படுவதற்குள் சேதி வந்தது. போடிக்கு இறங்குமுன் ஏறிக் கடக்க வேண்டிய போடிமெட்டு உச்சிக்குக் கொஞ்சம் கீழே, எங்கள் பக்கத்தில், மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. விடிந்தால்தான் வழி.

பெட்டிக்கு நாலு பல்பு. பேட்டரியில் இருப்பதை வைத்துப் பார்த்தால் பொழுது சாயும் வரைக்கும்கூடத் தாங்காது. கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டேன். வரவைக் கூட்ட முடியாதென்றால் செலவைக் குறைக்க வேண்டும். வெளியே நின்ற பெண்களிடம் காய்ந்த கம்பளி இருந்தால் தரச் சொன்னேன். லயத்துக்கு ஓடிப்போய், அடுப்புக்கு மேல் பரணில் கிடந்த கம்பளிகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பெட்டியைச் சுற்றி, மூச்சுக்கு வழி விட்டு, மடிப்பு மடிப்பாகக் கட்டினேன். உள்ளே வைத்த தெர்மாமீட்டர் ஏறியது. இரண்டு பல்பைக் கழற்றிவிட்டேன். வண்டியின் மற்ற விளக்குகளை எல்லாம் அணைத்தேன். பெட்டியின் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சத்திலேயே டாக்டரம்மா தாயின் நாடியைப் பார்த்துக்கொண்டார்.

அப்படியும் போதாது. இஞ்சினை நின்ற இடத்திலேயே ஓட்ட வேண்டும். சும்மா ஓட்டினால் அந்தக் காலத்து டைனமோ ஒன்றும் கொடுக்காது, வேகமாகச் சுழல வேண்டும். அதற்கு டீசல்? முத்தையா அண்ணன் டேங்கில் குச்சியை விட்டு எடுத்தார். நான் எதிர்பார்த்ததைவிட இரண்டு பங்கு உயரத்துக்கு நனைந்திருந்தது. இறக்கத்துக்கு இறக்கம் அவர் மிச்சம் பிடித்தது. பேட்டரியில் ஏறாமல் போனதெல்லாம் டேங்கில் இருந்தது. அந்த மனுஷரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது எனக்கு.

வண்டியைப் புகை உள்ளே வராதபடி காற்றுக்கு முகத்தைக் காட்டித் திருப்பினார். ஒரு கல்லைக் கழுவி ஆக்ஸிலேட்டரின் மேல் வைத்தார். "இதுக்குமேல வேகம் வேணுமா தம்பி?" என்று கேட்டு, நான் தலையாட்டும் வரைக்கும் கல்லை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். முள் மெல்ல மேலே வந்தது. விடிகிற வரைக்கும் இஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. வந்த சார்ஜை அப்போதைக்கப்போது பல்பு குடித்துவிட்டது, பேட்டரியில் பெரிதாகத் தங்கவில்லை. நான் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் ஜீப்காரர்கள் ஒற்றை வண்டி போகிற அளவுக்கு வழி வெட்டிவிட்டார்கள். ஏற்றம் பூராவும் மூடுபனி. ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட வேண்டியிருந்ததால் பெட்டிக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். மண் சரிந்த இடத்தைத் தாண்டியதும் ஒரு ஆள் குறுக்கே ஓடிவந்தான். மாரியப்பன். சரிவுக்கு இந்தப் பக்கம் நின்ற ஜீப்காரர் அந்தப் பக்கம் நின்றவருக்குக் கத்திச் சொன்ன சேதி, எப்படியோ போடி வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மழையோடு மழையாக மலையை நடந்தே ஏறி வந்திருக்கிறான். இருட்டில் சரிவைத் தாண்ட விடாமல் பிடித்து வைத்தார்களாம். உடம்பெல்லாம் நனைந்து, பல் தந்தியடித்தது.

போடிமெட்டு உச்சியில் முத்தையா அண்ணன் இறங்கி மறுபடி குச்சியை விட்டார். நுனி மட்டும் நனைந்திருந்தது. கீழே முந்தலுக்குப் போனபிறகு ஆஸ்பத்திரி வரைக்கும் சமதள ரோடு. அதற்கு அந்தச் சொட்டு வேண்டும். நடுவில் டேங்க் காய்ந்தால் டீசல் இஞ்சினுக்குள் காற்று புகுந்துகொள்ளும், பிறகு லேசில் கிளம்பாது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டியது நான்தான்.

"இஞ்சின அணைச்சுப்போடுங்ணா" என்றேன்.

வண்டி உருண்டது. இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் பெட்டிக்குள் பல்பு மஞ்சளாகியது. நாலாவதில் சிவந்த நூலாகிவிட்டது. தெர்மாமீட்டர் இறங்கியது. குறைமாதக் குழந்தையை யாரும் தொடக்கூடாது, கிருமி தொற்றும் என்பது அந்தக் கால ஆஸ்பத்திரி முறை. டாக்டரம்மா கண்ணாடி மூடியின்மேல் கையை வைத்தபடி ஒரு கணம் யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மனுஷ உடம்பு எத்தனை வாட் இருக்கும், பழனிச்சாமி?"

"தெரியலீங்களேம்மா."

"சட்டையைக் கழட்டுங்கோ."

மாரியப்பன் எழுந்தான். "டாக்டரம்மா, நான் அப்பன். எங்கிட்டக் குடுங்க."

அவர் புறங்கையால் அவன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "ஐஸ் மாதிரி இருக்கே, மாரியப்பா. இப்போ வேண்டாம். கையைத் தேய்ச்சுண்டே இரு." ஃபிளாஸ்கில் இருந்த வெந்நீராலும் சோப்பாலும் என் நெஞ்சைத் தேய்த்துக் கழுவி, துடைத்துவிட்டு, குழந்தையை எடுத்து என் மார்மேல் வைத்துக் கம்பளியால் சுற்றினார். அது குளிர்ந்துதான் இருந்தது. ஒரு எடையே இல்லை. நெஞ்சுத் துடிப்பு மட்டும் என் தோலில் படபடவென்று அடித்தது. எனக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு வருஷம், குழந்தை இல்லை. மூச்சை விடக்கூடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சாமி, இதை விட்டுவிடாதே என்று வாய்விட்டே சொன்னேன்.

வண்டி சத்தமில்லாமல் வளைந்து வளைந்து இறங்கியது. முத்தையா அண்ணன் பிரேக்கை அவ்வளவு பதமாகப் பிடித்தார், மேஜைமேல் இருந்த வெந்நீர் டம்ளர்கூடத் தளும்பவில்லை. மாரியப்பன் என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டே இருந்தான். கீழே இறங்க இறங்க மூடுபனி விலகி, சமவெளிக் காற்று சூடாக ஜன்னலில் வந்தது.

"அண்ணே, இப்பத் தாறீகளா?"

டாக்டரம்மா மறுபடி அவன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். அவனுக்கும் கழுவிவிட்டார். நான் கொடுத்தேன். கொடுக்க மனசே வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கடைசி வளைவில் முத்தையா அண்ணன் கியரைப் போட்டு உருட்டியே இஞ்சினைக் கிளப்பினார். முள் நகர்ந்தது. சார்ஜ் ஏறுகிறது. நான் அவசரமாகப் பெட்டியின் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, மாரியப்பனைக் காட்டினார்.

அவன் நெளிந்துகொண்டிருந்தான். கம்பளிக்குள் அந்தச் சின்னத் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முட்டி முட்டி எதையோ தேடியது.

"பால் தேடறது" என்றார் டாக்டரம்மா. அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "பொழச்சுண்டுடுத்து."

"எங்கிட்ட ஏதும்மா பாலு?" என்று அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாமல் சொன்னான்.

படுக்கையில் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள் கூரையிலிருந்து கண்ணை எடுத்து இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். குளுக்கோஸ் ஏறாத கையை நீட்டினாள்.

"இங்கிட்டுக் கொண்டாய்யா" என்றாள்.

முத்தையா அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இஞ்சினை அணைக்கவில்லை.